சொர்ணபாய் டீச்சருக்கு ஒரு தலையணை

"அஞ்சடி ஒரு இஞ்சு, தோள் பதினாலரை" என்று சொல்லிவிட்டு வேதமுத்து வாசற்படியிலேயே நின்றார், செருப்பைக் கழற்றாமல், இஞ்சு டேப் கழுத்தில் தொங்க, சொல்ல வேண்டியதில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறோம் என்ற நினைப்போடு. பியூலா சரியென்று தலையை ஆட்டிவிட்டு அடுப்பிலிருந்த பானையை இறக்கப் போனாள். யாருக்கு அளவு என்று அவள் கேட்கவில்லை, கேட்க வேண்டியதுமில்லை, விடிய அஞ்சு மணிக்குக் சபைக் கோயிலில் சாவுமணி ஒவ்வொரு அடியாக விட்டு விட்டு அடித்தபோதே பாலைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமல் "சொர்ணபாய் டீச்சரா இருக்கும்" என்று சொல்லியிருந்தாள். அந்தக் குரலில் ஏதாவது இருந்ததா என்று அப்போதிருந்து அவர் தேடிக்கொண்டிருக்கிறார். ஒன்றுமில்லை. உப்புத் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் குரல்தான் அது. சந்தோஷபுரம் சபையில் யார் செத்தாலும் பெட்டியைச் செய்வது செல்வக்கண் ஆசாரி, பெட்டிக்குள் மெத்தையும் தலையணையும் ஓரத்துக்குச் சுருக்கு வைத்த லேசும் தைப்பது பியூலா, அளவு எடுத்து வருவது வேதமுத்து. முப்பத்தொரு வருஷமாக இப்படித்தான். போதகர் ஐயரோ சபைக் கமிட்டியோ யாரும் அவளை இந்த வேலைக்கு வைக்கவில்லை. கல்யாணமாகி ஆறாவது மாதம் அவருடைய அப்பா செத்தபோது பெட்டிக்குள் செய்தித்தாளை விரித்து, மேலே ஒரு பழைய வேட்டியைப் போட்டுக் கிடத்தப் போனார்கள். புதுப்பெண், வீட்டில் இன்னும் சத்தமாகப் பேசிப் பழகாதவள், "கொஞ்சம் பொறுங்க" என்று உள்ளே போய்த் தன்னுடைய டிரங்குப் பெட்டியிலிருந்த புது வெள்ளைத் துணியைக் கிழித்து, தலையணையிலிருந்த பஞ்சைப் பிடுங்கி, கையாலேயே ஒரு மணி நேரத்தில் ஒரு மெத்தை தைத்துக்கொண்டு வந்தாள். மரப்பலகையில் முதுகு படக்கூடாதென்று. முப்பது வருஷம் பனையேறிய முதுகு அது, வாழ்நாளில் மெத்தையே காணாதது. அன்று அழுகை வராமல் நின்றுகொண்டிருந்த அவருக்கு அந்த மெத்தையைப் பார்த்த பிறகுதான் அழுகை வந்தது. அதை அவளிடம் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டவற்றை அடுக்கினால் எவ்வளவு உயரம் வரும்.

"நிக்கியளே, வாங்க, துணியைப் பிழிவோம்" என்று பின்பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். போன மாதம் இரண்டு அடக்கம் வந்ததில் நனைத்து வைத்திருந்த துணியெல்லாம் தீர்ந்து, புதுத்துணியைக் காலையில்தான் வாளியில் ஊறப்போட்டிருந்தாள். செத்தவங்களுக்குப் போய் யாராவது துணியை நனைத்துக் காயவைத்துத் தைப்பார்களா, பிறகு துவைக்கவா போகிறோம் என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. நனைக்காத துணியில் கஞ்சி நிற்கும், மொரமொரவென்று கன்னத்தில் உரசும் என்பாள். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதிரெதிராக முறுக்கினார்கள். அவள் வலப்பக்கமாக, அவர் இடப்பக்கமாக. துணி கயிறாகி, கயிறு பாம்பாகி, நடுவில் வளைந்து எழுந்து நீரைக் கக்கியது. அந்த நீரின் குளிர்ச்சி பாதத்தில் பட்ட நிமிஷமே பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு காலை வந்து அவர் எதிரில் நின்றது. இதே கிணற்றடி, இதே கொடி, அவள் தலையில் நரையில்லை, இருவர் கையிலும் வெள்ளைத்துணி, அது கோயில் பீடத்துக்கான துணி. கோயிலின் நூறாவது வருஷத்துக்காகப் பெண்கள் ஐக்கிய சங்கம் எடுத்துக் கொடுத்த பத்து மீட்டர். பிழிந்தது அவர், கொடியில் போட்டது அவர், காய்ந்த பிறகு டேப்பை வைத்து அளந்தவரும் அவரே. ஒன்பதேகால். "முக்கால் மீட்டர் உள்ள போயிட்டே பியூலா" என்று சிரித்துக்கொண்டே சொன்னதும் அவர்தான். அதற்குப் பிறகு அவள் இரண்டு மாதம் உட்கார்ந்து அதில் திராட்சைக் கொடியும் கோதுமைக் கதிருமாகப் பூத்தையல் போட்டாள். ஒரு திராட்சைக்கு நாற்பது தையல். அடுப்பில் குழம்பு கொதிக்கும் இடைவெளியில், மகன் பரீட்சைக்குப் படிக்கும் விளக்கில், மழை பெய்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில். பார்க்கப் பார்க்க அந்தக் கொடி துணியில் படர்ந்து போனதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார், ஒரு செடி வளர்வதைக் கண்டால் எப்படியோ அப்படி.

கொடியில் துணியை உதறிப் போட்டார். பங்குனி வெயில், அரை மணியில் காய்ந்துவிடும். நினைப்பு மட்டும் காயமாட்டேன் என்கிறது. துணியைப் பீடத்தில் விரித்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லாரும் எழுந்திருக்கும் முன் சொர்ணபாய் டீச்சர் எழுந்தாள், சங்கத்தின் செயலாளர், சபையில் பாதிப்பேருக்கு அஞ்சாம் வகுப்பு எடுத்தவள். ஓரம் இன்னும் ஒரு சாண் தொங்கியிருக்க வேண்டும், பத்து மீட்டர் எடுத்துக் கொடுத்தோம், மீதித் துணி எங்கே போச்சு என்று வெட்டினவர்களுக்குத்தான் தெரியும் என்றாள். கரும்பலகையில் தப்பாகக் கணக்குப் போட்டவனைக் கூப்பிடும் அதே குரல். பியூலா எழுந்து "நனைச்சேன் டீச்சர், சுருங்கிச்சு" என்றாள். பின்பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்குப் போயிற்று. ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் கமிட்டி அங்கத்தினர் வேதமுத்து உட்கார்ந்திருந்தார், நாற்பத்தொன்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், மின்வாரியத்தில் வேலை, கம்பத்தில் ஏறிக் கரண்டைத் தொடுகிறவர். எழுந்து நான்தான் பிழிந்தேன், நான்தான் அளந்தேன் என்று சொல்ல நாலு வார்த்தைதான் வேண்டும். எழுந்திருக்கவில்லை. டீச்சர் தன் பக்கம் திரும்பிவிடுவாளோ என்ற பயம், அஞ்சாம் வகுப்பில் அவள் முன்னால் பதினேழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி நின்றபோது வந்த அதே பயம். அவ்வளவுதான். பதவிக்காகவோ வேறு எதற்காகவோ இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு டீச்சரம்மா முறைப்பாள் என்று பயந்து பெண்டாட்டியைத் தனியாக நிற்கவிட்டதை எந்த வார்த்தையில் சொல்வது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பியூலா சாளைமீன் குழம்பு வைத்தாள். புளி சரியாக இருந்தது, உப்பு சரியாக இருந்தது. அவருக்குத் துண்டு மீனை எப்போதும்போல் பார்த்துப் பார்த்து வைத்தாள். அதன்பிறகு சங்கக் கூட்டத்துக்குப் போகவில்லை. கோயிலுக்குப் போனாள், ஞானஸ்நானத்துக்குக் குழந்தைகளுக்குக் கவுன் தைத்தாள், வளர்ந்த பெண்பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் ஆராதனைக்கு வெள்ளை முக்காடு தைத்தாள், செத்தவர்களுக்கு மெத்தை தைத்தாள். எதிலும் ஒரு தையல் குறையவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருக்கலாம். குழம்புச் சட்டியை எடுத்து எறிந்திருக்கலாம்.

மெஷின் ஓடத் தொடங்கியது. மிதிக்கும் காலின் தாளம் வீட்டின் தரையில் இறங்கி அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக் காலில் ஏறியது. முன்னறை முழுக்க இலவம்பஞ்சு, வெயில் விழுந்த இடத்தில் பறந்தது, மூக்கில் ஏறியது. மருமகள் ஏஞ்சலின் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டே "அத்தே, பாப்பாவுக்குச் சாதம் பிசைஞ்சு வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள், பஞ்சைத் தாண்டித் தாண்டி. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவளுக்கு இந்தச் சாவுமெத்தையைக் கண்டாலே முகம் வெளுக்கும், அதுவும் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது அறையை விட்டே வெளியே வரமாட்டாள். பியூலா அவளுக்கு வரப்போகும் குழந்தைக்குக் குல்லாயும் சட்டையும் இதே மெஷினில் தைத்துக் கட்டிலில் கொண்டு வைத்தாள், ஓரத்தில் ஒரு கடுகுப் பிரமாணம் மஞ்சள் பூ. இப்போது அந்தக் குழந்தைக்கு நாலு வயசு, சுடர். மெத்தையின் ஒரு பக்கம் தைத்து முடிந்ததும் ஓடிவந்து அதில் குப்புற விழுந்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை உருண்டது. "ஆச்சி, இந்த இடத்துல குத்துது" என்றது. பியூலா குனிந்து தேடி ஒரு குண்டூசியை எடுத்தாள். "கெட்டிக்காரி" என்றாள். பிறகு தானும் முட்டிபோட்டு, மெத்தையில் ஒரு கன்னத்தை வைத்து, மறு கன்னத்தை வைத்து, கண்ணை மூடிப் பார்த்தாள். எல்லா மெத்தைக்கும் இது உண்டு. செத்தவங்களுக்கு எங்க குத்தப்போகுது என்று ஒருமுறை அவர் கேட்டதற்கு, "நமக்குத் தெரியுமா" என்று கேட்டவள். குடிகாரன் பால்துரைக்கும் இப்படித்தான் கன்னம் வைத்தாள், பிஷப்பின் அக்காவுக்கும் இப்படித்தான். டீச்சருக்கு வைப்பாளா என்று காலையிலிருந்து அவருக்குள் ஒரு மூலை காத்துக்கொண்டிருந்தது. வைத்தாள். அதே நேரம்தான் எடுத்துக்கொண்டாள், கூடவுமில்லை, குறையவுமில்லை. அவருக்குக் கண் கூசியது. இப்படி ஒருத்தியோடு ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே போர்வையில் படுத்து, இவள் யார் என்று முழுதாகத் தெரியாமலே முப்பத்தொரு வருஷம் போய்விட்டதே. தனக்கு இவள் தைப்பாள், அளவுகூட எடுக்க வேண்டாம், சட்டையளவு தெரியும். இவளுக்கு யார் தைப்பார்கள்? அந்த நினைப்பை அவசரமாகத் தள்ளினார், அதைத் தள்ளிய இடத்தில் ஹெப்சி வந்து நின்றாள்.

ஹெப்சி டீச்சரின் ஒரே மகள், கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்று மாதமாக அம்மாவோடு இருந்தவள். காலையில் டேப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய் அவள்தான் அளந்து எண்ணைச் சொன்னாள், அவர் நடையில் நின்று எழுதிக்கொண்டார். திரும்பும்போது "மாமா" என்று கேட் வரைக்கும் வந்தாள். "அம்மா டவுன்ல ரெடிமேட் பெட்டி வாங்கிரணும்னு சொல்லியிருந்தாங்க. பியூலாகிட்ட கேக்க எனக்கு முகமில்லைன்னாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல, அத்தை தச்சதுலதான் அம்மாவைப் படுக்க வைக்கணும். இதை அத்தைகிட்ட சொல்லிருங்க மாமா." அதற்குமேல் அவள் சொன்னதுதான் அவரை வழிநெடுக இடறிவிட்டது. அந்த விஷயம் நடந்து இரண்டு வருஷம் கழித்து டீச்சர் தன் வீட்டுக்கு ஜன்னல் திரை தைத்தாளாம், நனைக்காமல். முதல் தடவை துவைத்ததும் ஒரு சாண் ஏறிவிட்டதாம். திரையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாளாம். ஆக, தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே சொல்லாமல் இருந்திருக்கிறாள், என்னைப்போல. இந்தச் செய்தியைப் பியூலாவிடம் சொன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமையின் மூடியைத் திறந்தாக வேண்டும், திறந்தால் உள்ளே டீச்சருக்குப் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் வேதமுத்துவும் உட்கார்ந்திருப்பார். சொல்லாமல் விட்டால்? யாருக்குத் தெரியும். டீச்சரைக் குழியில் இறக்கியாயிற்று என்றால் முடிந்தது. ஹெப்சி ஊருக்குப் போய்விடுவாள். இப்படி நினைத்த மாத்திரத்தில் தன் மேலேயே ஒரு அருவருப்பு வந்தது, பல்லியை மிதித்தாற்போல. இன்னொரு பன்னிரண்டு வருஷமா? இன்னொரு சாளைமீன் குழம்பா?

"ஹெப்சி ஒண்ணு சொன்னா" என்றார். மெஷின் நிற்கவில்லை. "என்னவாம்?" "டீச்சர் ரெடிமேட் பெட்டி வாங்கச் சொல்லியிருந்தாவளாம். உன்கிட்ட கேக்க முகமில்லைன்னு." பியூலா மிதிப்பதை நிறுத்தினாள், சக்கரத்தைக் கையால் பிடித்து ஊசியை மேலே தூக்கினாள், நூலைப் பல்லால் கடித்தாள். அவர் ஜன்னல் திரை சுருங்கிய கதையையும் சொல்லி முடித்தார், எங்கேயும் நிற்காமல், நின்றால் திரும்பப் புறப்பட முடியாதென்று. "அப்ப பத்து வருஷமா அவங்களுக்குத் தெரியும்" என்றாள். "ஆமா." "பாவங்க" என்றாள் பியூலா. "எனக்கு நேர் முன்பெஞ்சுலதான் உக்காருவாங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் முதுகு அப்படி விறைச்சே இருக்கும். கோவம்னு நெனச்சேன். இதையா சுமந்துகிட்டு இருந்திருக்காங்க." அவள் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தனக்கு இப்போது ஆறுதலாக இருக்கிறதென்றோ, அப்படி வா வழிக்கு என்றோ அவள் சொல்லவில்லை, பாவம் என்கிறாள், விறைத்த முதுகுக்காக வருத்தப்படுகிறாள். இனி தன் முறை என்று தெரிந்தது. "நானும்தான் பியூலா" என்றார். "நான்தான் பிழிஞ்சேன். நான்தான் அளந்தேன். அன்னைக்கு நான் எந்திரிக்கல." அவள் நூலை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "அவங்க சொன்னது எனக்குப் பெருசாப் படல. அன்னைக்கு உங்க முதுகைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். இப்ப எந்திரிப்பாங்க, இப்ப எந்திரிப்பாங்கன்னு." பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அழுதாள், சத்தமில்லாமல், முழங்கையால் கண்ணைத் துடைத்தபடி, துடைத்ததில் புருவத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டது. அவர் எழுந்து போய் அந்தப் பஞ்சை எடுத்தார். மன்னிச்சிரு என்ற சொல்லை எத்தனையோ விதமாக ஒத்திகை பார்த்திருந்தார், கடைசியில் அந்தச் சொல் மட்டும்தான் வந்தது. அவள் தலையை ஆட்டினாள். "இன்னைக்கு அங்க எல்லாரும் இருப்பாவ. நான் சொல்லிருதேன்" என்றார். "செத்துக் கிடக்கிறவங்க வாசல்லயா?" என்று பியூலா நிமிர்ந்தாள். "டீச்சர் பேரை எடுக்கப்படாது. ஹெப்சி காதுல விழும்படி ஒரு வார்த்தை ஆகாது. சொல்லணும்னா உங்களைப் பத்திச் சொல்லுங்க." சொல்லிவிட்டு மறுபடியும் மிதிக்கத் தொடங்கினாள், தலையணை பாக்கி இருந்தது.

வழக்கமாக அவர் மட்டும்தான் கொண்டுபோவார், சைக்கிள் கேரியரில் கட்டி. இன்று அவள் சேலையை மாற்றிக்கொண்டு "நானும் வாரேன்" என்றாள். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அவர் மெத்தையைத் தலையில் வைத்துக்கொள்ள, அவள் தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ள, உச்சிவெயிலில் கோயில் தெரு வழியாக நடந்தார்கள். டீச்சர் வீட்டு நடையில் உட்கார்ந்திருந்த சங்கத்துப் பெண்கள் பியூலாவைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு ஒருத்தி நகர்ந்து வழிவிட்டாள், இன்னொருத்தி "வாங்கக்கா" என்றாள். அவள் உள்ளே போனாள். வேதமுத்து மெத்தையை ஆசாரியிடம் கொடுத்துவிட்டு, பந்தலில் ஆண்களோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். வியர்வை முதுகில் வழிந்தது. பக்கத்தில் ஞானையா, அந்தக் காலத்தில் கமிட்டிச் செயலாளராக இருந்தவர், எண்பதைத் தொட்டவர், ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டார்: "எத்தனை மீட்டர் எடுத்தே வேதமுத்து?" "அஞ்சு மீட்டர் அண்ணாச்சி. நனைச்சுக் காயவச்சா நாலரைக்குக் கொஞ்சம் மேல நிக்கும்." இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம். அதே பதினேழாம் வாய்ப்பாட்டுப் பயம் வந்தது. அவர் எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாதென்று பட்டது. "அந்தப் பீடத்துணியும் அப்படித்தான் அண்ணாச்சி சுருங்கிச்சு. நான்தான் பிழிஞ்சு காயப்போட்டேன், அளந்தும் பாத்தேன். முக்கால் மீட்டர். பியூலா சபையில தனியா நின்னப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சே சொல்லல." பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஏன்டே?" என்றார் ஞானையா. "பயந்துட்டேன். வேற ஒண்ணுமில்ல." யாருக்குப் பயந்தாய் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டார். கேட்கவில்லை. ஞானையா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார், மறுபடி மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "நானும் அன்னைக்குச் சிரிச்சேன்டே" என்றார். ஒருவர் எழுந்து போய் வேதமுத்துவுக்குத் தண்ணீர் கொண்டு வந்தார்.

தம்ளரைக் கீழே வைக்கும்முன் ஹெப்சி வாசலுக்கு வந்து "மாமா, அத்தை உங்களைக் கூப்பிடுதாங்க" என்றாள். பெண்கள் நிறைந்த அந்த அறைக்குள் அவர் கூச்சத்தோடு நுழைந்தார். டீச்சரைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். தலையணை ஒரு விரல் உயரம் கூடிப்போய், தலை முன்னால் குனிந்து நாடி நெஞ்சில் இடித்தது. பியூலா அதை உருவி எடுத்து, ஓரத்தைப் பிரித்து, ஒரு கைப்பிடிப் பஞ்சை வெளியே எடுத்திருந்தாள். "தலையைக் கொஞ்சம் தாங்கிக்கோங்க. தலையணையை வச்சு வச்சுப் பாத்துத்தான் தைக்கணும்" என்றாள். அவர் குனிந்து இரண்டு கைகளையும் டீச்சரின் பிடரிக்குக் கீழே கொடுத்தார். நரைமுடி விரலில் பட்டது, யாரோ நன்றாக எண்ணெய் வைத்துச் சீவியிருந்தார்கள். இவ்வளவு லேசாகவா இருக்கும் என்று நினைத்தார். இவ்வளவு அருகில் இந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை, ஏறிட்டுப் பார்த்ததே இல்லை, இடது புருவத்துக்கு மேல் சின்ன மச்சம் ஒன்று இருந்தது. பியூலா தலையணையைக் கீழே நுழைத்துப் பார்த்தாள், எடுத்து இன்னும் ஒரு சிட்டிகைப் பஞ்சைக் குறைத்தாள், திரும்ப நுழைத்துப் பார்த்து, வெளியே எடுத்து, தன் மடியில் வைத்து நெருக்கி நெருக்கித் தைத்தாள், ஊசியின் முனை உள்ளே போவதும் வெளியே வருவதும் தவிர அறையில் வேறு அசைவில்லை. சங்கத்துப் பெண்கள் எல்லாரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கை கடுத்தது. அசைக்காமல் பிடித்திருந்தார். முடிச்சுப் போட்டு, நூலைக் கடித்து, தைத்த இடத்தைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டு, தலையணையை உரிய இடத்தில் வைத்து நீவினாள். "மெதுவா விடுங்க" என்றாள். அவர் மெதுவாக விட்டார். டீச்சரின் தலை துணியில் இறங்கி அமர்ந்தது. பியூலா குனிந்து, காதோரம் விலகியிருந்த ஒரு முடியைச் சரிசெய்துகொண்டே, வீட்டில் சுடரிடம் கேட்கும் அதே குரலில், "இப்ப சரியா இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள்.